சரசுவின் தட்டணுக்கள்

மார்ச் 4, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. ஸ்கூடாய் சாலையில் நெரிசல், மருத்துவமனைக்குத் தாமதம். மனைவி சரசுவின் ரத்தச் சோதனை: தட்டணுக்கள் (பிளேட்லெட்) மறுபடியும் குறைவு. ஆனாலும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்தக் கூடாதாம்.

புரிந்த அளவில், தவறாகவும் இருக்கலாம்: உடம்பின் காவலே தன் ரத்தத்தைப் பகையென்று நினைக்கிறது. தட்டணுக்கள் காரணமின்றி ஒட்டிக் கட்டியாகின்றன. அதில் செலவாவதாலும் எண்ணிக்கை குறையும். குறைந்தாலும் உறையும். போன வருடம் காலில் வந்த ரத்தக்கட்டி அப்படித்தான்.

சரசுவுக்கு விளக்கினேன். "மணி அடிச்சாச்சு சார்," என்றாள். வாத்தியார் வேலையை விட்டு வந்து இத்தனை வருடம் கழித்தும் இந்தக் கிண்டல்.

6, வியாழன்

வெயில். செனாயிலிருந்து மச்சினி கமலா. கையில் ஒரு போத்தல் பப்பாளி இலைச் சாறு.

"அலமாக், அத்தான்! பிளேட்லெட் கொறஞ்சு கெடக்கு, இன்னும் அந்த மாத்திரையா? எங்க தாமான் வீடுங்கள்ல டெங்கி வந்தவங்க எல்லாம் இதக் குடிச்சுதான் எந்திரிச்சாங்க லா."

இது டெங்கி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். காப்பி கலக்க எழுந்து போய்விட்டாள். சரசு மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

குழாய் ஒழுகல். வாஷர் வாங்க வேண்டும்.

10, திங்கள்

குப்பை கட்டும்போது, காகிதத்தில் சுருட்டிய மாத்திரைகள். சரசுவைக் கேட்டேன்.

"அதையும் தின்னு ரத்தம் கொட்டிச் சாகணுமா? சும்மா இருங்க."

சும்மா இருந்தேன். சாயங்காலம் இடது கெண்டைக்கால் வீக்கம், சூடு.

11, செவ்வாய்

அவசரப் பிரிவு. புதிய கட்டி. டாக்டர் தமிழ்ப் பெண், சின்ன வயது.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டீங்களாம்மா?"

"ஒரு நாள்கூட விடல."

"அப்படின்னா இந்த அளவு பத்தல. கூட்டணும்."

தட்டணு குறைந்த உடம்பு. வீணாகக் கூட்டினால் எங்காவது ரத்தம் கசியும். தலைக்குள் கசிந்தால்? வெளியார் முன்னால் அவளை மறுத்துப் பேசியதே இல்லை. டாக்டர் எழுத ஆரம்பித்தார்.

"சாப்பிடல டாக்டர். குப்பையில போட்டுட்டா. பப்பாளி இலைச் சாறு குடிக்கிறா." என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை சொன்னேன்.

டாக்டர் எழுதியதை அடித்தார். சரசு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

13, வியாழன்

வார்டு. ஊசி, மாத்திரை பழைய அளவே. என்னோடு பேச்சில்லை. தங்கையிடம் மட்டும், எனக்குக் கேட்கும்படி: "வாத்தியார் ரிப்போர்ட் பண்ணிட்டாரு." கமலா என்னைப் பார்க்கவில்லை. வேறு விதமாகச் சொல்லியிருக்கலாமோ?

மாலை, நர்ஸ் தந்த மாத்திரையை நீட்டினேன். விழுங்கினாள். பிறகு நாக்கை முழுசாக நீட்டி, என் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்குங்க. நாளைக்கு டாக்டர் கேப்பாங்கல்ல."