உப்பைக் கீழே வைத்த வியாழக்கிழமை

இன்று காலை உன் ஹெல்மெட்டை எடுத்துத் துடைத்தேன். உள்ளே இருக்கும் பஞ்சில் உன் தலை எண்ணெயும் மரிக்கொழுந்தும் கலந்த வாசனை இன்னும் போகவில்லை. எத்தனை முறை சொன்னாலும் கேட்காமல் பூவின் மேலேயே ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொள்வாய். எங்கள் அங்கன்வாடியில் சமைக்கும் மல்லிகாவுக்கு இன்று குயிலாப்பாளையத்தில் முதல் நாள். நான்தான் கூட்டிப்போகிறேன். "அங்க போனா என்னக்கா பண்ணுவாங்க?" என்று நேற்றிலிருந்து பத்து முறை கேட்டுவிட்டாள். நீ எனக்குச் சொன்னதைத்தான் அவளுக்குச் சொன்னேன். சொல்லச் சொல்ல உன் நினைப்பு தாங்கவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்போது என் அம்மா போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தைரியமான பொம்பளை என்று மரக்காணமே மெச்சியது. ஆனால் சென்டரில் ஏதாவது ஒரு குழந்தை அம்மாவைத் தேடி அழுதால் போதும், எனக்கு மூச்சு அடைக்கும், கை நடுங்கும். ஈசிஜி, எக்கோ, தைராய்டு என்று எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாம் நார்மல். உன் அண்ணன் மந்திரிக்கவும் கூட்டிப்போனார். அப்போதுதான் நீ வாயைத் திறந்தாய். உன் புருஷன் விட்டுப்போன பிறகு, குயிலாப்பாளையத்தில் நீ வேலை பார்த்த கெஸ்ட் ஹவுஸுக்குப் பக்கத்தில் ஒரு சைக்காலஜிஸ்ட் மேடத்திடம் இரண்டு வருஷமாகப் போய்வருகிறாய் என்று. நாத்தனார் ஓவர்டைம் பார்க்கிறாள் என்றல்லவா நான் நம்பிக்கொண்டிருந்தேன், கள்ளி!

ஈசிஆரில் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டே, காற்றுக்கு மேல் கத்திக் கத்தி எனக்குப் பாடம் எடுத்தாய். மாத்திரை கிடையாது. வாரம் ஒரு நாள், அதே வியாழன், அதே மூன்று மணி, ஐம்பது நிமிஷம். வாயில் வருவதைப் பேச வேண்டும், கனவு வந்தால் அதையும் சொல்ல வேண்டும். "இத பண்ணு அத பண்ணுன்னு சொல்ல மாட்டாங்க அண்ணி. சும்மா உக்காந்திருப்பாங்க. உனக்கு எரிச்சலா வரும். வந்தா அதையும் சொல்லு." ஆரம்பத்தில் இருப்பதைவிட மோசமாகத் தோன்றும், பயந்து நின்றுவிடாதே என்றாய். ஒட்டடை அடித்தால் முதலில் தும்மல்தானே வரும் என்றாய். கடைசியாக ஒன்று சொன்னாய்: கையில் எதுவும் எடுத்து வராதே, மேடம் வாங்க மாட்டார்.

முதல் மூன்று வாரம் நான் அந்த அறையில் உட்கார்ந்து, எங்கள் வீட்டில் எல்லாரும் சௌக்கியம் என்பதை விதவிதமாகச் சொன்னேன். மேடம் கேட்டுக்கொண்டே இருந்தார். இடையிடையே வந்த மௌனத்தில் ஃபேன் சுற்றுவதை எண்ணினேன். மூன்று ஐம்பதுக்கு, நேரம் ஆச்சு என்றார். வந்தவளை எழுந்து போ என்று சொல்வது என்ன மரியாதை என்று திரும்பும் வழியெல்லாம் உன்னிடம் பொருமினேன். நீ சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது.

நான்காம் வாரம் உன் பேச்சை மீறினேன். ஒரு இடத்துக்குக் கையை வீசிக்கொண்டு போய் எனக்குப் பழக்கமில்லை. நம் ஊர்க் கல்லுப்பு ஒரு கிலோவை உனக்குத் தெரியாமல் பைக்குள் ஒளித்துக்கொண்டு போனேன். எடுத்ததும், என்ன அது என்று மேடம் கையை நீட்டினார். நான் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு பொட்டலத்தை டீப்பாய் மேல் வைத்தேன். ஏன் என்று கேட்டார். உப்பைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம், கொடுத்தால் சண்டை வரும் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"நமக்குள்ள சண்டை வந்தா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?"

"என்னை விட்டுட்டுப் போயிடுவீங்க."

வரவேண்டாம் என்று சொல்லிவிடுவீர்கள் என்றுதான் சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது வேறு. அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. ஏழு வயதில் அம்மா என்னைத் திண்டிவனத்தில் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு உப்பள வேலைக்குப் போனாள். தை மாதம் விட்டால், ஐப்பசி மழையில் பாத்தியெல்லாம் மூழ்கி வேலை நின்ற பிறகுதான் வந்து கூட்டிப்போவாள். இப்படி நாலு வருஷம். ஒரு நாளும் நான் அடம்பிடித்ததில்லை. கோபப்பட்டால் அடுத்த ஐப்பசிக்கு அவள் வரமாட்டாள் என்று எனக்குள் நானே முடிவு செய்திருந்தேன். பாவம், அவளும் என்னதான் செய்வாள்? ஆனாலும் அன்று அந்த அறையில் அவள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. செத்துப்போன அம்மாவுக்காக அன்றுதான் அழுதேன். கிளம்பும்போது, உப்பை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார் மேடம். நீ அதைப் பார்த்துவிட்டு, "சொன்னேன்ல" என்று ஒரே வார்த்தை சொன்னாய்.

கொஞ்ச நாள் கழித்து மேடம் மூன்று வாரம் லீவில் போனார். நல்லபடியாகப் போய்வாருங்கள் என்று சிரித்துக்கொண்டே வழியனுப்பினேன். அவர் திரும்பி வந்ததும் எனக்குக் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். நீ கட்டிலருகே வந்து நின்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாய். காய்ச்சலும் இல்லை கத்திரிக்காயும் இல்லை, அவர்மேல் கோபம், அதைப் போய் அவரிடமே சொல் என்றாய். சொல்ல எனக்கு இரண்டு வியாழன் பிடித்தது. கேட்டுக்கொண்டார். அடுத்த வாரமும் மூன்று மணிக்குக் கதவைத் திறந்தார். எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது.

இதையெல்லாம் உன்னிடமே பிரயோகிப்பேன் என்று யார் கண்டது? உன் வயிற்று வலி என்னவென்று நாலு மாதமாக உனக்கும் உன் அண்ணனுக்கும் தெரிந்திருக்கிறது. என்னிடம் மட்டும் அல்சர் என்றீர்கள். நானும் காரமில்லாமல் கஞ்சி வைத்துச் சிரித்த முகமாகக் கொண்டுவந்தேன். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சாதாரணமாக, கீமோ எத்தனையாவது என்று கேட்டபோதுதான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பழைய நானாக இருந்தால் சிரித்துக்கொண்டே உனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்திருப்பேன்.

"என்னை விட்டுட்டுப் போகப் போறன்னா எங்கிட்ட சொல்ல வேணாமாடி? எனக்கு உன்மேல கோவம். ரொம்பக் கோவம்."

வார்டே திரும்பிப் பார்த்தது. நீயும் சளைக்கவில்லை. படுத்த இடத்திலிருந்தே பதில் சொன்னாய்.

"நீ எந்நேரமும் சிரிச்சிக்கினே வந்து நின்னா, நான் யார்கிட்ட அண்ணி அழுவறது?"

இரண்டு நாள் நாம் பேசிக்கொள்ளவில்லை. நான் வந்து உட்கார்ந்திருப்பேன், நீ சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாய். மூன்றாம் நாள் சுவரைப் பார்த்தபடியே, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வேண்டும் என்றாய். இரண்டு வாய்தான் உன்னால் சாப்பிட முடிந்தது. அதற்குப் பிறகு நமக்குக் கிடைத்த ஏழு வாரத்தில் சேர்ந்து அழுதோம், உன் அண்ணனைச் சேர்ந்து திட்டினோம். வாழ்க்கையில் யாரோடும் நான் அவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை.

இப்போதும் வியாழன்தோறும் போகிறேன். பாதி நேரம் உன் பேச்சுதான். நாலு மாதம் மறைத்தாயே என்ற கோபம் இன்னும் தீரவில்லை, போகட்டும், இருந்துவிட்டுப் போகிறது. ஆனால் அவ்வளவு கத்தியும் நீ என்னை விட்டுப் போகவில்லை. கடைசிவரை உன் கை என் கைக்குள்தான் இருந்தது. உன்னைக் கொண்டுபோனது வயிற்றில் இருந்த கட்டி, என் கோபம் இல்லை. திண்டிவனத்து வாசலில் நிற்கும் அந்த ஏழு வயதுப் பெண்ணிடம் இதைத் தினமும் சொல்கிறேன். சில நாள் நம்புகிறாள்.