நீல மீனுக்கு எதுவும் போட வேண்டாம்

அக்கா வீட்டுக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை வருவேன். குழம்பு ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

மீன்களுக்குக் காலையில் உறைந்த இறால் கட்டியில் பாதி போதும். கிண்ணத்தில் தொட்டித் தண்ணீர் எடுத்து அதில் கரைய விடுங்கள். சாற்றை வடித்துக் கொட்டிவிடுங்கள், அது பாசியைத்தான் வளர்க்கும். மீனின் வயிறு அதன் கண்ணளவுதான். தின்னாமல் மிஞ்சியது அடியில் அழுகி, தண்ணீரையே விஷமாக்கிவிடும். நீங்கள் கிட்டே போனதும் ஓடி வருவது பாசத்தில் இல்லை. யார் நிழல் விழுந்தாலும் வரும்.

நீங்கள் வாங்கி வந்த நீல மீனுக்கு எதுவும் போட வேண்டாம். போட்டாலும் தின்னாது. பாறையில் ஊரும் பொடிப்பொடி உயிர்களைத்தான் அது கொத்தும். நம் தொட்டி புதிது, இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. நாள் முழுக்கக் கொத்துகிறதே என்று நிம்மதிப்படாதீர்கள், அது தேடுகிறது. முதலில் வயிறு ஒட்டும். பிறகு தலைக்குப் பின்னால் சதை வற்றும்.

வாங்கும் முன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். "இவளுக்கு மீனை விட்டா ஒரு மண்ணும் தெரியாது" என்று உங்கள் ஆபீஸ்காரர்கள் முன்னால் சிரித்தீர்களே, எனக்குத் தெரிந்த அந்த ஒரே விஷயத்தைப் பற்றித்தான்.

மாடிக் கதவைப் பூட்டுங்கள்.

பி.கு.: கடைக்காரர் நேற்று போன் செய்தார். "அது உங்க தொட்டியில பொழைக்காதும்மா. இன்னைக்கே கொண்டாங்க, எங்க பெரிய தொட்டியில விட்டுடறேன். நாளையிலேருந்து ஒரு வாரம் கடை கிடையாது" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்று சிரித்ததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்க நீங்கள் வாங்கி வந்தது அது. பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள்.