வளைகாப்புக்கு வச்ச ரோசா

அன்புள்ள மகள் சுபத்ராவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீங்க. சுகம்னு எழுதித்தான் கடிதத்தை ஆரம்பிக்கணும்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுத்தாங்க, அதுக்கு மேல எனக்குப் படிப்பு ஏறலை, அதனால சுகம்னே எழுதிட்டேன், நீ அதைப் பெரிசா எடுத்துக்காதே. போன்ல கூப்பிட்டா மாப்பிள்ளைதான் எடுக்கிறாக, படுத்திருக்கா மாமா, தூங்குறா மாமான்னு சொல்றாக, பாவம் அவுகளும் எத்தனை தடவைதான் சொல்லுவாக. நீயே எடுத்தாலும் நான் என்னத்தப் பேசிக் கிழிக்கப் போறேன், குளிரான்னு கேப்பேன், நீ ஆமாம்ப, அப்புறம் ரெண்டு பேரும் சும்மா இருப்போம். கடிதம்னா அந்தத் தொல்லை இல்லை, பாதியில வச்சுட்டுப் போய் டீ குடிச்சுட்டு வந்து எழுதலாம்.

கார்த்திகையில உனக்கு அஞ்சாம் மாசத்துல பிள்ளை தங்காமப் போச்சே, அதைப் பத்தி எழுத எனக்குத் தெரியலை. நான் ரோசாச் செடியைப் பத்தித்தான் எழுதப் போறேன், அதுல உன்கிட்ட ஒண்ணு கேக்க வேண்டியிருக்கு. நீ ஆவணியில சேதி சொன்னதும் உன் அம்மா கணக்குப் போட்டா, தையில உனக்கு ஏழாம் மாசம், பிள்ளை இங்க வந்துருவா, வளைகாப்பை நம்ம வாசல்லயே வச்சுக்கலாம், அன்னைக்கு அவ தலைக்குக் கடைப்பூ வேண்டாம், நம்ம வீட்டுல பூத்த பூதான் வைக்கணும்னு. உன்கிட்ட சொல்ல வேண்டாம், வந்து பாக்கட்டும்னு வச்சிருந்தோம். மறுநாளே நான் அருப்புக்கோட்டைக்குப் போய் ரோட்டோரம் வண்டியில வச்சு விக்கிற ஆளுகிட்ட செவப்பு ரோசா ஒட்டுச்செடி ஆறு வாங்கினேன். பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டு வந்தா முள்ளு பூராம் வேட்டியில மாட்டிக்கிடுச்சு, திருச்சுழியில இறங்க முடியலை, கண்டக்டர்தான் வந்து பிரிச்சுவிட்டாரு. பெருசு, இந்த வயசுல யாருக்கு ரோசான்னு கேட்டாரு, பஸ்ஸே சிரிச்சுது. பேரப்பிள்ளைக்குன்னு சொல்லிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா சத்தம் போட்டா, ஊருக்கு முன்னாடி வாயத் தொறந்துட்டீகளேன்னு. அதையே இன்னமும் நெனச்சுக்கிட்டு இருக்கா. யாரு சொன்னதாலயும் யாரு செஞ்சதாலயும் இல்லைன்னு அங்க டாக்டரம்மா தெளிவாச் சொன்னாகன்னு மாப்பிள்ளை சொன்னாக, நானும் அம்மாகிட்ட சொல்லிக்கிட்டேதான் இருக்கேன், நீயும் அதை மனசுல வச்சுக்க.

நம்ம கரிசல்ல ரோசா வளக்கிறது என் மாதிரி ஆளுக்கு ஏத்த வேலை இல்லை. வெயில்ல மண்ணு கை போற அளவுக்கு வெடிச்சுக் கெடக்கு, தண்ணி ஊத்தினா நேரா பாதாளத்துக்குப் போயிருது. போர்த்தண்ணி உப்பு, அதை ஊத்தினதும் இலை ஓரமெல்லாம் தீஞ்சுபோச்சு, அப்புறம் அம்மா அரிசி கழுவின தண்ணியையும் குழாயில வர்ற நல்ல தண்ணியில மிச்சத்தையும் ஊத்தி அதுகளத் தேத்தினா. நான் குளிக்கிற தண்ணியக் கொறைச்சுக்கிட்டேன், நாத்தம் தாங்கலைன்னு அருஞ்சுனை மாமா சொன்னாரு, அவரு எப்பக் குளிச்சாருன்னு நான் கேக்கலை. புரட்டாசியில செடி தளதளன்னு கொழுந்து விட்டுச்சு. எனக்குப் பருத்தி புத்தி. பருத்தி இந்த உயரம் வந்தா கொழுந்தைக் கிள்ளிருவோம்ல, பக்கக் கிளை விட்டு நெறையக் காய் பிடிக்கும்னு. ஒரு நாள் காலையில உக்காந்து ஆறு செடியிலயும் நுனிய ஒண்ணு விடாமக் கிள்ளிட்டேன். அம்மா வந்து பாத்துட்டு, கிள்ளிப் போட்டதுல இருந்து ஒண்ணொண்ணா எடுத்து விரிச்சுக் காமிக்கிறா, உள்ள பட்டாணி மாதிரி மொக்கு. பருத்திக்காரன் கையில ரோசாவக் குடுத்தா வேற என்ன நடக்கும்னு அருஞ்சுனை ஊர் பூராம் சொல்லிட்டாரு, ரோசாவுல பஞ்சு எப்ப எடுக்கப் போறீகன்னு டீக்கடையில கேக்கிறாக.

ஐப்பசி மழை பெஞ்சு தண்ணி கட்டிக்கிடுச்சு, இலையில கருப்பா புள்ளி விழுந்து மஞ்சளாகிக் கொட்டுச்சு, வாய்க்கால் வெட்டித் தண்ணிய வடிச்சுவிட்டேன். கார்த்திகையில மாப்பிள்ளை போன் வந்தப்ப நான் செடிக்குத்தான் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தேன். சரிங்க மாப்பிள்ளை, சரிங்க மாப்பிள்ளைன்னு சொன்னேன். வச்சுட்டு, வாளியில மிச்சம் இருந்த தண்ணியையும் மத்த செடிக்கு ஊத்திட்டுத்தான் வீட்டுக்குள்ள வந்தேன். ஏன் அப்படிச் செஞ்சேன்னு தெரியலை. அன்னையில இருந்து எனக்கு ஒண்ணும் தோணலை சுபத்ரா. அழுகை வரலை, கோவம் வரலை, பசிக்குது, சாப்பிடுறேன், தூக்கமும் வருது. பல்லு பிடுங்க ஊசி போட்டா கன்னம் இருக்கும்ல, தட்டினா சத்தம் கேக்கும், நம்ம கன்னம்னு தெரியாது, அப்படி இருக்கு. ஊர்க்காரங்களுக்கும் என்ன செய்யன்னு தெரியலை. துக்கம் கேக்க வர்றதா வேண்டாமான்னு தெரு முக்குல நின்னுட்டுப் போறாக, பாலவனத்தத்துல இருந்து சந்தனம்மாள் சித்தி வந்தா, வாசல்ல ஒக்காந்து மருமக சண்டையப் பேசிட்டுப் போயிட்டா. பொங்கல் வைக்கலாமான்னு அம்மாவுக்கு ஒரே யோசனை, வைக்காட்டியும் தப்பு வச்சாலும் தப்பு. வச்சோம். பொங்குச்சு. யாரும் குலவை போடலை, நான் போய் அடுப்பைத் தணிச்சேன்.

இதுக்கு நடுவுல இந்தச் செடி இருக்கே. மார்கழிப் பனியில இலை மேல மாவு தூவினாப்புல நோய் வந்துச்சு, செடி பட்டுப்போயிரும்னு நெனச்சேன், பட்டுப்போகலை. நான் கிள்ளினதுல பக்கத்துக்குப் பக்கம் கிளை விட்டு, கிளைக்குக் கிளை மொக்கு. கிள்ளாம விட்டிருந்தா ஐப்பசியிலயே ரெண்டு பூ பூத்து மழையில அழுகி முடிஞ்சிருக்கும். நான் பண்ணின கோளாறுல எல்லாம் சேந்து சரியா தையில வந்து நிக்குது. அம்மா சொன்ன அதே மாசம். வாசல் செவப்பா இருக்கு, ரோட்டுல போறவுக வண்டிய நிறுத்திப் பாக்கிறாக. கோயில்ல கேட்டாக, தெக்குத் தெரு ஈஸ்வரி மக சடங்குக்குக் கேட்டாக, அம்மா குடுக்கலை. அவளும் பறிக்க மாட்டா. அது ஒருத்திக்குன்னு வச்சதுங்கிறா. பூ செடியிலயே விரிஞ்சு, வெளுத்து, கரிசல் மேல இதழ் இதழா விழுது. காலையில அதைக் கூட்ட மாட்டேங்கிறா, மிதிக்கவும் விட மாட்டேங்கிறா, நான் தொழுவத்துப் பக்கமாச் சுத்தித்தான் போய் வாரேன்.

செடி வித்த ஆளை மறுபடி பாத்தேன். பூத்த பூவை வெட்டாம விட்டா செடி காய் பிடிக்கப் போயிரும், அப்புறம் புதுசா துளிர்க்காது, மாசி பொறந்து வெயில் ஏறுறதுக்கு முன்னாடி நல்லாக் கவாத்து பண்ணிருங்க, இல்லைன்னா சித்திரை வெயில்ல நிக்காதுங்கன்னு சொன்னாரு. கத்திரிய எடுத்துக்கிட்டு ரெண்டு தடவை போனேன். நின்னுட்டு வந்துட்டேன். அறுவடைக்குக் கூலி ஆளு வராட்டி நானே ஒத்தையில எறங்கி அறுக்கிறவன், ஆறு செடிக்கு முன்னாடி ஒண்ணும் ஓடலை.

அதுதான் உன்கிட்ட கேக்கிறேன். வெட்டவா, அப்படியே விட்டுரவா. அம்மா உன் பேச்சைத்தான் கேப்பா. இது உனக்குன்னு வச்சது, அதை என்ன செய்யணும்னு சொல்ற உரிமை உனக்குத்தான். பேச வேண்டாம், அழ வேண்டாம், எப்படி இருக்கேன்னு எல்லாம் சொல்ல வேண்டாம். வெட்டு, இல்ல விடு, ஒரு வார்த்தை போன்ல தட்டி அனுப்பினாப் போதும். வெட்டுன்னா வெட்டிருவேன். விடுன்னா சித்திரையில காஞ்சாலும் காயட்டும், அதுக்கும் நான் வருத்தப்பட மாட்டேன். இங்க வரணும்னு தோணினா வா, தோணலைன்னா அதுவும் சரிதான்.

அம்மா எழுதச் சொன்னது: பிள்ளை பெத்த உடம்பு மாதிரித்தான் இதுவும், பச்ச உடம்பு, கனமான சாமான் தூக்காதே, காலுக்கு உறை போடாம நடக்காதே, பூண்டு வதக்கிச் சாப்பிடு, டாக்டரம்மா குடுத்த இரும்புச்சத்து மாத்திரைய நிறுத்தாதே. மாப்பிள்ளையும் சரியாச் சாப்பிடுறாகளான்னு பாத்துக்க, அவுகளுக்கும் போனதுதான். குலசாமி உங்க ரெண்டு பேரையும் ஒரு குறையும் இல்லாம வச்சுக் காக்கணும், நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் துணையா நல்லா இருக்கணும். உன் பதில் வர்ற வரைக்கும் தண்ணி மட்டும் ஊத்திக்கிட்டு இருக்கேன்.

இப்படிக்கு
உன்னையே நெனச்சுக்கிட்டு இருக்கும் அப்பா
மாரிச்சாமி