அப்பாவின் முறைப்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முட்டிவலி தேவலையா? அம்மா சொல்கிற பேச்சைக் கேட்டு மாத்திரை போடுகிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன்.

கிராமத்துப் பிள்ளைகளை வேலைக்குத் தயார்செய்து அனுப்புவதுதானே என் பிழைப்பு? பஸ் பட்டறை நேர்முகத் தேர்வுக்கு நான்கு பெண்களைத் தயார்செய்தேன். ஒத்திகையில் மேலாளர் நான்தான். இரவல் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, நான் வீட்டுக்கு லேட்டாக வந்தால் முறைப்பீர்களே, அப்படியே முறைத்தேன். முணுமுணுப்பு என்று நாங்கள் கூப்பிடும் பெண் முதல் நாள் அழுதே விட்டாள்.

போன வாரம் நிஜ மேலாளர் மேசையைத் தட்டி, "வேலை தெரியுமா?" என்று அதட்டினார். முணுமுணுப்பு அசரவே இல்லை.

"தெரியாது சார், கத்துக்குவேன். ஆனா எங்க ஊருக்குச் சாயங்காலம் பஸ் கிடையாது. வேலை முடிஞ்சு நாங்க எப்படிப் போறது?"

மனிதர் மேசையைத் தட்டிய கையாலேயே பேனாவை எடுத்தார். நாலு பேருக்கும் வேலை, போக வர வேன்!

"பயமா இல்லையா?" என்றேன், வெளியே வந்தவளிடம்.

"உங்களப் பாத்த கண்ணுக்கு அவரு பச்சப்புள்ளக்கா."

துள்ளிக் குதித்ததில் என் கணுக்கால் லேசாகப் பிசகிவிட்டது. அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

அடுத்த குழுவுக்கு உங்கள் பழைய கண்ணாடியை அனுப்புங்கள். போனிலும் சிரித்தே பேசாமல் கொஞ்சம் அதட்டுங்கள். இங்கே நான் எத்தனை மணிக்கு அறைக்குத் திரும்பினாலும் ஏனென்று கேட்க ஆளில்லை.

வேன் வந்துவிட்டது. இன்று அவர்களுக்கு வேலையில் முதல் நாள், நானும் கூடப் போகிறேன். முணுமுணுப்பு ஜன்னலில் தலையை நீட்டி, "லேட்டாகுதுக்கா!" என்று முறைக்கிறாள்.

அச்சு அசல் உங்கள் முறைப்பு, அப்பா!

உங்கள் மகள்