பின்னால் தெரியும் ஓவியம்

பலெர்மோ, இத்தாலி
12.03.1994

அன்புத் தங்கச்சி அம்பிகைக்கு,

உன் தை மாதக் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலிக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன். எண்ணெய் பூசியே சமாளிக்க அவவை விடாதே.

ஒரு உதவி கேட்கிறேன், கோபிக்காமல் வாசி. எண்பத்தொன்பதில், பின்பக்கம் "என் வீட்டு ஹோல்" என்று எழுதி ஒரு போட்டோ அனுப்பினேனே, அது உடனே வேண்டும். நீலச் சேலை கட்டி நிற்கிறேன். பின்னால் பெரிய கடல் ஓவியம் தெரியும்.

அது என் வீடில்லை, அம்பிகை. நான் வேலை செய்கிற வீட்டுக்கார அம்மா, சின்யோராவின் வீடு. அவ பூசைக்குப் போன நேரம் என் சிநேகிதி கத்தரீனா தன் கமராவில் எடுத்தாள். அங்கே நான் நிலம் துடைத்துச் சமைக்கிறவள்.

அந்த ஓவியம் நூற்றிருபது வருடம் பழையது. கட்டடங்கள் வருமுன் மொண்டெல்லோக் கடற்கரை இருந்த கோலம். சின்யோராவின் பூட்டன் வாங்கியதாம். இப்போது அவவின் அண்ணன் மகன் வழக்குப் போட்டிருக்கிறான். ஓவியம் தன் தகப்பனுடையது, ரோமில் அவர் வீட்டில் தொங்கியது, தொண்ணூற்றொன்றில் அவர் செத்த பிறகுதான் அத்தை எடுத்துக்கொண்டு போனா என்கிறான். சின்யோராவிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. நம் போட்டோவின் மூலையில் 1989 என்று திகதி விழுந்திருக்கிறது, அப்போதே ஓவியம் இங்கே இருந்ததற்கு அதுதான் சாட்சி. அதைச் சொன்னபோது அவ என்னை ஏசவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு அழுதா.

அம்மா அந்தப் போட்டோவைக் காட்டித்தான் ஊரில் தலை நிமிர்ந்து நடக்கிறா. அவவுக்கு என்ன சொல்வது? எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்கா,
குகனேஸ்வரி


யாழ்ப்பாணம்
28.05.1994

அன்பு அக்காவுக்கு,

சண்டையால் பாதை பூட்டியிருந்ததால் கடிதம் போன கிழமைதான் வந்தது. போட்டோவை இத்துடன் வைத்து, கொழும்புக்குப் போகும் கோபாலசிங்கம் மாமாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

எனக்கு முதல் நாளே தெரியும். படத்தில் மூன்று செற்றிக் கதிரை இருக்கிறது, நீங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். கதிரையைக் கண்டும் நிற்கிற ஆளா நீங்கள்? என்னிடமும் ஐந்து வருடம் மறைத்தீர்களே, அதுதான் கோபம். நான் என்ன ஊர்ச்சனமா?

போட்டோ மாட்டியிருந்த சுவரில் அம்மா வெறும் ஆணியைப் பார்த்துவிட்டு, "எங்கையடி பிள்ளையின்ரை படம்?" என்றா. "கண்ணாடி மாத்தக் குடுத்திருக்கு" என்றேன். தினமும் கேட்கிறா. இனி என்னால் முடியாது, நீங்களே எழுதுங்கள்.

தங்கை,
அம்பிகை


பலெர்மோ
20.11.1994

அன்பு அம்பிகைக்கு,

போட்டோவைக் கண்டதும் சின்யோராவின் அண்ணன் மகன் வழக்கை விட்டுவிட்டான். ஓவியம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சின்யோரா, "வா, செற்றியில் இரு, நானே எடுக்கிறேன்" என்று கூப்பிட்டா. வேண்டாம் என்றேன்.

கத்தரீனாவைப் போர்கோ வெக்கியோவில் நான் இருக்கிற அறைக்குக் கூட்டிவந்து, இத்துடன் வரும் போட்டோவை எடுப்பித்தேன். ஒரு கட்டில், காஸ் அடுப்பு, சந்தையைப் பார்த்த ஜன்னல். சுவரில் ஈரம் ஊறியிருப்பதும் தெரிகிறது. கட்டிலில் கால் நீட்டி இருக்கிறேன், பார்.

அந்த ஆணியில் இதை மாட்டு. மாட்டுவதற்கு முன் பின்பக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. "என் வீடு" என்று எழுதியிருக்கிறேன்.

அக்கா,
குகனேஸ்வரி