நான் சொல்லாமல் விட்ட எண்

அன்புள்ள நெட்டைத் தம்பிக்கு,

பாட்டி எழுதுகிறேன். மூட்டுவலியைத் தவிர எனக்கு வேறு குறையில்லை. புது ஊரும் புது வேலையும் உனக்கு ஒத்துப்போகின்றனவா? நிலைப்படியில் தலை இடிக்காத வீடாகப் பார்த்துப் போனாயா? நம் வீட்டில் எட்டு மாதமும் இடித்துக்கொண்டே இருந்தாய்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து முன்பின்னாக இருக்கும். நடுவில் கோபம் வந்தாலும் கடைசிவரை படித்துவிடு.

கேம் திறந்த நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீயும் என் பேத்தியும் முன்னறையில் உட்கார்ந்து அந்தப் படகுப் போட்டியைச் செய்தீர்கள். நாலு ஊரிலிருந்து நாலு பேர் ஒரே படகுக்குத் துடுப்புப் போடும் ஆட்டம். அது ஓடுகிற கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டதற்கு அவள் கிளவுட் என்றாள். மேகத்திலா என்று கேட்டேன், விழுந்து விழுந்து சிரித்தாள். நீதான் பொறுமையாக விளக்கினாய். எங்கேயோ ஒரு கட்டடம் நிறையக் கம்ப்யூட்டர்களாம். அதில் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறோம், கூட்டம் கூடினால் பக்கத்து அறையைத் திறந்துவிடுவதுபோல் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்வோம் என்றாய்.

அந்த வாடகைக் கம்ப்யூட்டரின் கணக்குக்குள் நுழைய ஆறு இலக்க எண் ஒன்று வேண்டும். கணக்குத் தொடங்கிய அன்று அவள் போன் உடைந்து கிடந்ததால் என் போனுக்கு வரும்படி செய்துவிட்டாள். தினமும் நீங்கள் கேட்பீர்கள், நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிப்பேன். வீட்டுச் சாவியே என் இடுப்பில் தொங்குவதுபோல் ஒரு மிதப்பு எனக்கு. போனில் யார் கேட்டாலும் சொல்லாதே, திருடர்கள் இப்படித்தான் கேட்பார்கள் என்று அவள் பத்துத் தடவை சொல்லி வைத்திருந்தாள்.

கேம் திறந்த அன்று அவள், மறுநாள் வெளியூரில் ஒரு விழா மேடையில் அதைக் காட்ட விமானத்தில் போய்க்கொண்டிருந்தாள். நானோ மாடிவீட்டு டீச்சரையும் தையல்காரம்மாவையும் அவர்கள் வீட்டு ஆட்களையும் முன்னறையில் கூட்டி உட்கார வைத்திருந்தேன். உனக்கு இடமில்லை. என் அறையிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன் பாட்டி என்று ஊர்க்கோடியில் நீ தங்கியிருந்த அறைக்குப் போய்விட்டாய்.

நாலு மணிக்குத் திறந்தது. கால் மணி நேரம் நன்றாக ஓடியது. அப்புறம் கூட்டம் தாங்காமல் படகெல்லாம் நட்டநடுவில் நின்றன. உங்கள் பேத்தியின் படகு தரை தட்டிவிட்டதா என்று டீச்சர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது. தெரியாத எண். தினமும் வீட்டுக்கு வருகிறவனின் நம்பர் எதற்கு என்று உன்னுடையதை நான் பதிந்து வைக்கவில்லை. அவசரமாக அந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டதும் திருடன் என்றே நினைத்தேன். சத்தியம். வாய்க்கு வந்தபடி திட்டி வைத்தேன். பாட்டி கெட்டிக்காரி என்று அத்தனை பேரும் கை தட்டினார்கள்.

இரண்டாவது தடவைக்குத்தான் எனக்குச் சமாதானம் இல்லை. "பாட்டி, நான்தான், நெட்டை" என்றாய். உன் குரல் எனக்குத் தெரிந்துவிட்டது, தம்பி. நன்றாகத் தெரிந்துவிட்டது. ஆனால் கை தட்டியவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்டியது வீட்டுப் பிள்ளையை என்று எப்படிச் சொல்வேன்? "நெட்டையாம் குட்டையாம், வேற ஆளைப் பாரு" என்று சொல்லித் துண்டித்தேன். அறையே சிரித்தது. மூன்றாவது தடவை மணி அடித்தபோது போனை அணைத்துவிட்டேன்.

அவள் விமானத்திலிருந்து இறங்குவதற்குள் ஆட வந்தவர்கள் எல்லோரும் நின்ற படகைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மேடையிலும் அவளைக் கடைசி நேரத்தில் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

வீடு வந்ததும் உனக்குப் போன் போட்டுக் கத்தினாள். பாட்டியிடம் எண்ணைக் கேட்டிருக்கலாமே என்றாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தாள். நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "தோணல" என்று ஒரு வார்த்தை சொன்னாய். "கேட்டேன், பாட்டி தரவில்லை" என்று நீ சொல்லியிருக்கலாம். உன்னை நம்பியது என் தப்பு என்று அவள் சொன்னதையும் வாங்கிக்கொண்டாய். நான் மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்தில் நீ ஊரைவிட்டுப் போனாய். சொல்லிக்கொள்ள வந்தபோதும் என் மூட்டுவலியைத்தான் விசாரித்தாய்.

நானாகவே அவளிடம் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அந்த எண் தன் போனுக்கே வரும்படி மாற்ற என் போனை வாங்கினாள். கேம் திறந்த தேதியில் நாலரை மணிக்குள் மூன்று தடவை எண் வந்திருப்பதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் சொன்னேன். அவள் கத்தவில்லை. "அவனை என்னவெல்லாம் சொன்னேன், பாட்டி" என்று மட்டும் கேட்டாள். அதோடு என்னிடம் பேச்சில்லை. மாத்திரையும் தண்ணீரும் மட்டும் நேரத்துக்கு மேஜைக்கு வந்துவிடுகின்றன.

டீச்சரையும் தையல்காரம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன், அன்று பேசியது திருடன் இல்லை, நம் நெட்டை, எனக்கு அப்போதே தெரியும் என்று. டீச்சர் எழுந்து போனார். அது எனக்கு வேண்டியதுதான்.

கேமை மறுபடி திறக்கப் பார்க்கிறாள். தனியாக உட்கார்ந்து மல்லுக்கட்டுகிறாள். உன் நாற்காலியில் யாரையும் உட்கார விடுவதில்லை. திரும்பி வா என்று கேட்க எனக்கு முகமில்லை. மன்னித்துவிடு என்று கேட்கத்தான் எழுதினேன். அதைக்கூட உடனே செய்ய வேண்டாம்.

எழுதி முடித்து மடித்து உறையில் போட்டு, அவளிடம் போய் இது நெட்டைக்கு, விலாசம் தெரியாது என்று மேஜையில் வைத்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இப்போது போய்ப் பார்த்தால் உறையின்மேல் அவள் கையெழுத்தில் விலாசம் எழுதியிருக்கிறது, கதவு எண், பின்கோடு எல்லாம். உன் புது விலாசம் அவளிடம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. உறையை எடுத்து வந்து இந்தக் கடைசி வரிகளை எழுதிச் சேர்க்கிறேன். உள்ளே இருப்பது என் கிறுக்கல், அதைத் தூக்கி எறிந்தாலும் எறி. உறையை மட்டும் ஒரு தடவை நிதானமாகப் பார், கண்ணு.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பாட்டி