பஸ் தரிப்பிடத்துத் தாமதன்

இன்று ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி மேசைக்கடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்த காமிக்ஸ் புத்தகத்தைப் பறித்தேன். பறித்தேன் என்பது பெரிய சொல். "கொஞ்சம் தர்றீங்களா" என்று கேட்டு வாங்கினேன். ஆசிரியர் அறையில் திறந்து பார்த்தால், இரண்டு பக்கம் முழுக்க ஒரே ஆள். உடம்பெல்லாம் நட்சத்திரம், தோளில் ஒரு பால்வீதி. காலடியில் கடுகளவு நிற்கும் கதாநாயகன் 'நீ யார்?' என்று கேட்க, 'நானே நித்தியம்' என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேசை டீச்சர் என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். உன்னைப் பற்றி அவரிடம் எங்கே தொடங்குவது? அதனால் உனக்கே எழுதுகிறேன்.

கொழும்புக்குத் தையல் வேலைக்குப் போன என் சிநேகிதி நீ, சிறுநீரக வருத்தத்தோடு தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்குத் திரும்பி வந்தபோது உன் பையில் பாதி பழைய காமிக்ஸ்தான் இருந்தது. நான் கெம்பஸ் இறுதி வருட விடுமுறையில் வந்திருந்தேன். எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிட்டு ஒரு நாள் கேட்டாய்: "சாவுக்கு ஒரு ஆளு இருக்கு, காலத்துக்கு ஒரு ஆளு இருக்கு. நம்ம தோட்டத்த ஆளுறவருக்கு மட்டும் படம் இல்லியே புள்ள?"

பஸ்ஸிலிருந்து சம்பளம்வரை எல்லாமே பிந்தி வரும் எங்கள் தோட்டத்துக்கு அப்படிப் பிறந்தவன்தான் தாமதன். அண்டம் உண்டாவதற்கு முன்பே கிளம்பியவன். அண்டம் உண்டாகி முடிந்த பிறகு வந்து சேர்ந்து, 'முடிஞ்சிருச்சா?' என்று கேட்டவன். ஒரு கை அசைத்தால் சூரியன்கள் அணையும். ஆனால் அவன் கையால் எந்த வில்லனும் சாகவில்லை. அவன் போய்ச் சேர்வதற்குள் வில்லன்களுக்கு வயதாகிவிடும். மூன்று கொப்பி நிறைய வரைந்தாய்.

கொப்பி போதவில்லை. கோயில் திருவிழாவுக்கு வாங்கி மிஞ்சிய நீலப் பெயின்டைக் கேட்டு வாங்கி, தோட்டத்து பஸ் தரிப்பிடத்தின் சுவரில் அவனைக் கூரைவரை வரைந்தாய். கால் வீங்கியிருந்ததால் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, மூன்று நாள். மேல்பாதிக்கு நான் வாங்குப் பலகையில் ஏறி நின்று நீ சொன்ன இடத்தில் நட்சத்திரம் வைத்தேன். "நான் வரைஞ்சதுலயே இதுதான் பெருசு. இது மட்டும் நிக்கணும் புள்ள" என்றாய். நீ அதிகம் ஆசைப்படுகிறவள் இல்லை.

நான்காம் நாள் யாரோ காலடியில் ஒரு செவ்வந்திப்பூ வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் சூடம். ஆறாம் நாள் கொழுந்து எடுக்கப் போகும் வழியில் செல்லம்மாக்கா உன்னை நிறுத்தி, இவர் சைவமா, கோழி கேட்பவரா என்று விசாரித்தார். அன்றே தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் காதுக்கும் போய்விட்டது. கோயில் கமிட்டியைக் கேட்காமல் ரோட்டில் சாமி வைத்தது யார், ஞாயிற்றுக்கிழமை கூட்டம், கூட்டம் முடிந்ததும் சுவருக்குச் சுண்ணாம்பு என்று சொல்லி அனுப்பினார்.

உனக்கு நாலு வார்த்தைக்கு மேல் மூச்சு வாங்கியது. "நீ பேசு, படிச்சவ" என்றாய். இறங்கும் இடத்தைக் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த தோட்டம்வரை போய் நடந்து திரும்பியவள் நான். அது உனக்குத் தெரியும். தெரிந்தும்தான் சொன்னாய்.

பத்து மணிக் கூட்டத்துக்குத் தலைவர் பதினொன்றரைக்கு வந்தார். "பாத்தியா, மொத பக்தர்" என்று என் காதில் சொன்னாய். அந்தச் சிரிப்பை அடக்கிய முகத்தோடு எழுந்ததால்தான் என்னால் எழவே முடிந்தது.

"சாமியா, மனுசனா? அத மொதல்ல சொல்லு" என்றார் தலைவர்.

"ரெண்டும் இல்லங்க. தாமதம்ங்க."

"தாமதத்துக்கு யாராச்சும் படம் போடுவாங்களா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "பெக்டரி சக்கரத்துக்கு ரோதைமுனி வச்சிருக்கோம். தேயிலைய கவ்வாத்து வெட்டுறதுக்கு கவ்வாத்துச்சாமி வச்சிருக்கோம். நம்மள தெனமும் ரோட்டுல நிக்க வைக்கிறவருக்கு ஒரு செவுரு குடுக்கக் கூடாதாங்க?"

செல்லம்மாக்கா பின்வரிசையிலிருந்து எழுந்தார். "புள்ள சொல்றது சரிதான். எந்தச் சாமி முன்னாடியும் நம்ம இம்புட்டு நேரம் நின்னதில்ல."

சுவர் தப்பியது. இரண்டு நிபந்தனைகள். சூடம் கொளுத்தக் கூடாது, வெற்றுடம்போடு நிற்கிறவருக்குச் சட்டை போட வேண்டும். நீ தலைவருடைய அரைக்கைச் சட்டையையே வரைந்தாய், பையில் பேனாவோடு. அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அதன் பிறகு அவர் அங்கேதான் நின்று பஸ் பார்ப்பார்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் சொன்னதை உன் அம்மாவுக்கு நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு மாதம் என்றார். அவ்வளவு சிறிய சொல்லைச் சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் எடுத்தது. கட்டிலில் கிடந்த நீ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய்.

லயத்தில் செய்தி பரவியதும், சூடம் இல்லாமலே பெண்கள் சுவர் முன் நிற்கத் தொடங்கினார்கள். ஒரு காலையில் செல்லம்மாக்கா கூடையோடு நின்று தாமதனிடம் சொல்வதை என் காதால் கேட்டேன்: "ஒனக்குத் தெரிஞ்ச வேல ஒன்னே ஒன்னுதானே. அத அந்தப் புள்ளைக்குச் செய்யி."

உன்னிடம் வந்து சொன்னேன். தலையணையை நிமிர்த்திச் சாய்ந்துகொண்டாய். பிறகு, "எமன் நம்ம தோட்டத்து பஸ்ஸுலதான் வரணும்னா, நான் பென்சன் எடுத்துட்டுத்தான் போவேன்" என்றாய்.

பென்சன் எடுக்கவில்லை. ஆனால் பதினொரு மாதம் இருந்தாய். நான் பட்டமளிப்பு உடுப்போடு லயத்துக்கு வந்தபோது, அந்தக் கறுப்பு அங்கியை வாங்கிப் போட்டுக்கொண்டு வாசலில் நடந்து காட்டினாய். தாமதனின் நாலாவது கொப்பியை எழுதினாய். என்னோடு இரண்டு தடவை பெரிதாகச் சண்டை பிடித்தாய், இரண்டிலும் உன் பக்கம்தான் பிழை. டொக்டர் சொன்ன கணக்குப்படி இதில் எதுவுமே நடந்திருக்கக் கூடாது. மருந்தும் உன் பிடிவாதமும்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். நான் கணிதம் படிப்பிக்கிறவள்.

இப்போதும் தினமும் அங்கே நின்றுதான் கந்தப்பளைப் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏறுகிறேன். பஸ் பிந்தும்போது எல்லோரும் வாய் ஓயாமல் திட்டுகிறார்கள். தலைவர்கூடத் திட்டுகிறார். டொக்டர் சொன்னதற்கு மேலான அந்த ஒன்பது மாதத்தைத் தாமதனிடம் வாங்கிக்கொண்டவள் என்பதால், என்னால் மட்டும் முடிவதில்லை.